அருகில் இருந்த வசீர், தொலைவில் இருந்த ஆளுநர்

கி.பி. 800இல் பாக்தாதின் கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதிடம் ஒரு பேரம் வந்தது. இன்றைய துனீசியாவை உள்ளடக்கிய இஃப்ரீக்கியா மாகாணம் அவருக்குத் தீராத தலைவலியாக இருந்தது. அங்கே படைகளை வைத்திருக்க எகிப்தின் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 1,00,000 தீனார் போய்க்கொண்டிருந்தது. இப்ராஹீம் இப்னு அல்-அக்லப் என்ற தளபதி அந்தப் பணமே வேண்டாம் என்றார். மாகாணத்தைத் தன் பொறுப்பில் விட்டால் ஆண்டுதோறும் 40,000 தீனார் தானே அனுப்புவதாகவும் சொன்னார். கலீஃபா ஒப்புக்கொண்டார். இப்ராஹீமின் வம்சம் அங்கே 909 வரை ஆண்டது.

அதே ஹாரூன், 803 ஜனவரியில் ஓர் இரவு, தன் நெருங்கிய நண்பர் ஜஃபர் பர்மகியின் தலையை வெட்டச் சொன்னார். ஜஃபரின் உடல் பாக்தாத் பாலங்களில் தொங்கவிடப்பட்டது. அவருடைய தந்தை யஹ்யாவும் அண்ணன் ஃபள்லும் சிறைக்குப் போனார்கள், சிறையிலேயே இறந்தார்கள். பதினேழு ஆண்டுகள் பேரரசையே நடத்திய குடும்பம் அது. ஹாரூன் அந்த யஹ்யாவை 'அப்பா' என்றே அழைத்து வந்தவர்.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பேரரசு முழுவதையும் கையில் வைத்திருந்த குடும்பம் ஒரே இரவில் அழிந்தது. ஒரு மூலையை மட்டும் கேட்டு வாங்கியவரின் குடும்பம் நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. இஸ்லாமியப் பேரரசுகளின் வரலாற்றில் பாக்தாத் தொடங்கி நம் ஆற்காடு வரை இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. வசீர்கள், அதாவது மன்னரின் தலைமை அமைச்சர்கள், வீழ்ந்தால் சூழ்ச்சி, பொறாமை, பெண் விவகாரம் என்று ஏதாவது ஒரு கதை சொல்லப்படும். அந்தக் கதைகளை விட, பணம் யார் கையில் இருந்தது, கோட்டைச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டால் விஷயம் இன்னும் தெளிவாகப் புரியும்.

பர்மகிகளையே எடுத்துக்கொள்வோம். இவர்களுடைய பூர்வீகம் இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க். அங்கிருந்த நவபஹார் என்ற பௌத்த விகாரையைப் பரம்பரையாக நிர்வகித்த குடும்பம். இஸ்லாத்தைத் தழுவிய பிறகு காலித் பர்மகி, ஹாரூனின் வம்சமான அப்பாசியர் ஆட்சியின் தொடக்க காலத்திலேயே நிதித் துறையில் உயர்ந்தார். அவருடைய மகன் யஹ்யா, இளவரசராக இருந்த ஹாரூனுக்கு ஆசிரியர். 786இல் ஹாரூன் கலீஃபா ஆனதும் முத்திரையை யஹ்யாவிடம் கொடுத்துவிட்டார். ஆளுநர் நியமனம், வரி, வழக்கு எல்லாம் இந்தக் குடும்பத்தின் வழியாகவே நடந்தன. நம் மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை அரபியில் போனதும் யஹ்யாவின் ஆணையால்தான். மங்கா என்ற இந்திய மருத்துவர் அதை மொழிபெயர்த்தார்.

இவர்கள் ஏன் அழிக்கப்பட்டார்கள்? ஹாரூனின் தங்கை அப்பாசாவுக்கும் ஜஃபருக்கும் இடையிலான காதல்தான் காரணம் என்று ஒரு கதை பிரபலம். 14ஆம் நூற்றாண்டு வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் அதை ஏற்கவில்லை. அரசின் வருவாய் மொத்தத்தையும் பர்மகிகள் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள், கலீஃபா சிறு தொகை கேட்டால்கூடக் கிடைக்காத நிலை வந்துவிட்டது, அதுதான் காரணம் என்று எழுதினார். இந்த விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கஜானாவே தங்கள் கையில் இருந்தும் பர்மகிகளால் எதிர்த்து ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. அவர்களுடைய அதிகாரம் முழுக்கக் கலீஃபாவின் பெயரில் போன கடிதங்களில் இருந்தது. அதே பெயரில் இன்னொரு கடிதம் மாகாணங்களுக்குப் போனதும், அவர்களுடைய சொத்துகளும் முகவர்களும் ஒட்டுமொத்தமாகப் பிடிபட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு கோட்டை கிடையாது. சம்பளத்துக்காக அவர்களை நம்பியிருந்த ஒரு படை கிடையாது.

இதையெல்லாம் ஒரு சட்ட இலக்கணமாகவே எழுதி வைத்தவர் அல்-மாவர்தி. 1058இல் பாக்தாதில் மறைந்த சட்ட அறிஞர். வசீர் பதவியில் இரண்டு வகை உண்டு என்கிறார். ஒருவர் மன்னர் சொன்னதை நிறைவேற்றுபவர். இன்னொருவர் மன்னரின் அதிகாரத்தையே ஒப்படைக்கப் பெற்றவர். வாரிசை நியமிப்பது போன்ற சில விஷயங்கள் தவிர மற்ற எல்லாவற்றையும் அவரே செய்யலாம். ஆளுநரிலும் இரண்டு வகை. மன்னர் விரும்பி நியமித்தவர் ஒரு வகை. பலத்தால் மாகாணத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு மன்னரிடம் ஒப்புதல் வாங்கியவர் இன்னொரு வகை. இரண்டாவதையும் சட்டத்துக்குள் அவர் கொண்டுவந்ததைக் கவனிக்க வேண்டும். அவர் காலத்தில் கலீஃபாவின் பேரரசில் பெரும்பகுதி ஏற்கெனவே அப்படித்தான் போயிருந்தது. அதைக் குற்றம் என்று ஒதுக்கினால் பேரரசு என்று சொல்லிக்கொள்ளவே எதுவும் மிஞ்சியிருக்காது. ஆளுநர் பிடுங்கிக்கொண்டால் அதற்கு ஒரு சட்ட வழி இருந்தது. வசீர் பிடுங்கிக்கொண்டால் அப்படி ஒரு வழி இல்லை.

ஆளுநர் எப்படிப் பிடுங்குவார் என்பதற்கு எகிப்துக்குப் போன அஹ்மத் இப்னு தூலூன் நல்ல உதாரணம். 868இல் அவர் அங்கே போனபோது படையும் காவலும் மட்டுமே அவர் பொறுப்பு. வரி வசூல் இப்னு அல்-முதப்பிர் என்ற தனி அதிகாரியிடம் இருந்தது. அவர் நேரடியாகத் தலைநகருக்குப் பதில் சொல்பவர். ஒருவரிடம் வாள், இன்னொருவரிடம் பணப்பெட்டி. இந்தப் பிரிவினைதான் தலைநகரின் பாதுகாப்பு.

புதியவர் வந்ததும் முதப்பிர் 10,000 தீனார் மதிப்புள்ள பரிசுகளை அனுப்பினார். இப்னு தூலூன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பணத்துக்குப் பதிலாக, முதப்பிரைச் சுற்றி எப்போதும் நிற்கும் நூறு மெய்க்காவலர்களைக் கேட்டார். பணத்தை மறுத்து ஆட்களைக் கேட்பவர் எவ்வளவு ஆபத்தானவர் என்பது முதப்பிருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் மறுக்க முடியவில்லை. 871இல் முதப்பிர் சிரியாவுக்கு மாற்றப்பட்டார். வரியும் இப்னு தூலூன் கைக்கு வந்தது. எகிப்தின் பணம் எகிப்திலேயே தங்கத் தொடங்கியது. அந்தப் பணத்தில் அவர் திரட்டிய படை அவரையே எஜமானராகப் பார்த்தது. கெய்ரோவில் இன்றும் நிற்கும் அவருடைய பெரிய மசூதி 879இல் முடிந்தது. இத்தனைக்கும் வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் கலீஃபாவின் பெயரை அவர் விடவில்லை. பெயர் கலீஃபாவுக்கு, பணம் தனக்கு. அவருடைய குடும்பம் 905 வரை ஆண்டது.

சரி, இந்த ஆபத்து வசீர்களுக்குத் தெரியாதா? மிக நன்றாகத் தெரியும். 11ஆம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட செல்ஜூக் பேரரசை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடத்திய நிஜாமுல் முல்க், வரி நிலம் பெற்றவர்களையும் அதிகாரிகளையும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊன்றிவிடுவார்கள் என்று சுல்தானுக்கு எழுதிய அறிவுரையிலேயே சொல்லியிருக்கிறார். அவர் காலத்து நிர்வாகத்தின் வீச்சைக் காட்ட ஒரு சம்பவம் போதும். மத்திய ஆசியாவின் ஆமூ ஆற்றில் படையைக் கரை சேர்த்த படகோட்டிகளுக்கான கூலியை, மத்தியதரைக் கடலோரம் இருந்த அந்தாக்கியா நகரின் வருவாயிலிருந்து பெற்றுக்கொள்ளும்படி அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். படகோட்டிகள் சுல்தானிடம் முறையிட்டார்கள். அவர்களைத் துன்புறுத்துவதற்காக அப்படிச் செய்யவில்லை, சுல்தானின் ஆட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்று உலகம் பேச வேண்டும் என்றுதான் செய்ததாக வசீர் விளக்கினார்.

மகன்களையும் பேரன்களையும் ஊர் ஊராகப் பதவியில் அமர்த்தியதில்தான் சிக்கல் வந்தது. 'நீ என் வசீரா, ஆட்சியில் பங்காளியா?' என்ற தொனியில் சுல்தான் மாலிக்ஷா ஆள் அனுப்பினார். என் மைக்கூடும் உன் கிரீடமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று கிழவர் பதில் அனுப்பியதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1092 அக்டோபரில் நஹாவந்த் அருகே, சூஃபி வேடத்தில் மனு கொடுக்க வந்த ஒருவன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். சில வாரங்களில் சுல்தானும் இறந்தார். செல்ஜூக் அரசு வாரிசுச் சண்டையில் சிதறியது. துருக்கியரின் உஸ்மானியப் பேரரசில் மூன்று சுல்தான்களிடம் பெரிய வசீராக இருந்த சொகொல்லு மெஹ்மத் பாஷாவும் 1579இல் இதே போல, தர்வேஷ் என்னும் துறவி வேடத்தில் வந்த ஒருவனால் கொல்லப்பட்டார். இயற்கையாக இறந்த பெரிய வசீர்களும் உண்டு, மறுக்கவில்லை. 1656இல் நிபந்தனை போட்டுப் பதவி ஏற்ற கொப்ருலு மெஹ்மத் பாஷா கட்டிலில்தான் இறந்தார். அவருக்குப் பின் அதே நாற்காலியில் மகன் உட்கார்ந்தார். அதற்கடுத்து வந்த மருமகன் கரா முஸ்தபா வியன்னாவில் தோற்றதும் 1683இல் கழுத்து நெரிக்கப்பட்டார்.

இந்த மொத்தக் கதையும் ஒரே இடத்தில், ஒரே தலைமுறையில் நடந்து பார்க்க வேண்டும் என்றால் தக்காணத்துக்கு வர வேண்டும்.

மஹ்மூத் காவான் ஈரானின் கிலான் பகுதிக்காரர். 1453 வாக்கில், நாற்பதைத் தாண்டிய வயதில், குதிரை வியாபாரியாகக் கொங்கணக் கடற்கரையின் தாபோல் துறைமுகத்தில் வந்து இறங்கினார். பீதரில், தக்காணத்தை ஆண்ட பாமினி சுல்தானைச் சந்தித்தவர் அங்கேயே தங்கிவிட்டார். சுல்தான் ஹுமாயூன் அவருக்கு 'மலிக்குத் துஜ்ஜார்' (வணிகர்களின் அரசர்) என்ற பட்டம் கொடுத்தார். சுல்தான்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் ராஜமாதாவோடு சேர்ந்து ஆட்சியை நடத்திய குழுவில் இருந்தார். 1466 முதல் மூன்றாம் முகம்மது ஷாவின் தலைமை அமைச்சர். அந்தக் காலத்தில் பீதருக்கு வந்த ரஷ்ய வியாபாரி அஃபனாசி நிகிதினும் தன் பயணக் குறிப்பில் இவரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1472இல் விஜயநகரத்திடமிருந்து கோவாவைப் பிடித்தார். அதே ஆண்டு பீதரில் அவர் எழுப்பிய மூன்று மாடி மதரசாவில் 3,000 கையெழுத்துப் பிரதிகள் இருந்ததாகச் சொல்வார்கள். 1696இல் வெடிமருந்து வெடித்து அதன் ஒரு பகுதி இடிந்துபோனது. மிஞ்சிய மினாரிலும் சுவரிலும் நீலமும் பச்சையுமான ஓடுகளை இன்றும் பார்க்கலாம்.

அவர் செய்த பெரிய காரியம் இதெல்லாம் இல்லை. பாமினி அரசு நான்கு பெரிய மாகாணங்களாக இருந்தது. ஒவ்வொன்றின் ஆளுநரும் வரியைத் தானே வசூலித்தார், படையைத் தானே வைத்துக்கொண்டார், மாகாணத்தின் கோட்டைகளுக்கெல்லாம் தன் ஆட்களையே நியமித்தார். ஒரு குட்டி ராஜாவுக்கு வேண்டிய எல்லாமே அவரிடம் இருந்தன. காவான் நான்கை எட்டாக உடைத்தார். ஆளுநருக்கு ஒரே ஒரு கோட்டைதான். மற்றக் கோட்டைகளின் தளபதிகளைத் தலைநகர் நியமிக்கும் என்றார். ஒவ்வொரு மாகாணத்திலும் சில ஊர்களைப் பிரித்து அவற்றின் வருவாயை நேரடியாகச் சுல்தானின் கஜானாவுக்குத் திருப்பினார். நிலத்தை அளக்கச் சொன்னார். கணக்கில் இத்தனை வீரர்கள் என்று காட்டிச் சம்பளம் வாங்கிவிட்டு ஆட்களைக் குறைத்து வைத்திருந்தால், அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று விதித்தார். இப்னு தூலூன் எந்தெந்தக் கதவைத் திறந்து உள்ளே போனாரோ, அவை அத்தனையையும் காவான் அடைத்தார். இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது அந்த மனிதர் மீது பெரிய மரியாதை வருகிறது. நோய் எங்கே என்று அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்திருந்தார்.

ஆளுநர்களுக்குக் கசந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அஃபாக்கிகளுக்கும் உள்ளூர்த் தக்காணிகளுக்கும் ஏற்கெனவே இருந்த பகையும் இதோடு சேர்ந்துகொண்டது. அதிகம் இழந்தவர் தக்காணிகளின் தலைவரான மலிக் ஹசன். பெரிய தெலங்கானா மாகாணம் அவருக்கென்று இருந்தது. பிரித்த பிறகு ராஜமகேந்திரி பகுதி மட்டும் மிஞ்சியது. 1481இல் சுல்தான் தெற்கே படையெடுத்து நம் காஞ்சிபுரம் வரை வந்து கோவில்களைக் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பினார். அந்தப் படையெடுப்பின்போதுதான் சதி அரங்கேறியது. காவானின் முத்திரையைப் பாதுகாத்தவனுக்குக் குடிக்கக் கொடுத்து, ஒரு வெற்றுத் தாளில் முத்திரை வாங்கினார்கள். ஒரிசா மன்னரைப் படையெடுத்து வரச் சொல்லும் கடிதத்தை அதில் எழுதிச் சுல்தானிடம் காட்டினார்கள்.

கொண்டபள்ளியில் சுல்தான் குடிபோதையில் இருந்தார். காவானுக்கு அழைப்பு வந்தது. போகாதீர்கள், குஜராத்துக்குத் தப்பிவிடுங்கள் என்று நண்பர்கள் கெஞ்சினார்கள். அவர் கேட்கவில்லை. முத்திரை என்னுடையது, கடிதம் என்னுடையது அல்ல என்று மட்டும் சொன்னார். 1481 ஏப்ரல் 5 அன்று, எழுபதைத் தாண்டிய வயதில், அவருடைய தலை வெட்டப்பட்டது. கஜானா நிறையத் தங்கம் இருக்கும் என்று நினைத்துச் சுல்தான் தேடச் சொன்னார். பெரிதாக எதுவும் இல்லை. சொந்த வியாபாரத்தில் வந்ததைத் தான தர்மத்துக்குக் கொடுத்துவிட்டு, பாயில் படுத்து, மண்பாண்டத்தில் சாப்பிட்டு வாழ்ந்தவர் அவர்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். முன்னணி அமீர்கள், அதாவது பிரபுக்கள், சுல்தானை நெருங்கவே அஞ்சித் தங்கள் படைகளோடு விலகிப் போனார்கள். ஓராண்டுக்குள் சுல்தான் இறந்தார். சதி செய்த மலிக் ஹசன் அடுத்த தலைமை அமைச்சர் ஆனார். 1486இல் அவரும் பீதரில் கொல்லப்பட்டார். ஆனால் அவருடைய மகன் மலிக் அஹ்மத் அப்போது தொலைவில், ஜுன்னார் பகுதியில் இருந்தார். அவர் 1490இல் தனி அரசு கண்டார். அதுதான் அகமதுநகரின் நிஜாம்ஷாஹி வம்சம். அமைச்சராக ஆசைப்பட்ட அப்பா ஐந்தே ஆண்டில் செத்தார். ஆளுநராகவே இருந்த மகனின் வழித்தோன்றல்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு நெருக்கமாக ஆண்டார்கள். காவானின் ஆதரவில் வளர்ந்த யூசுஃப் ஆதில் கான் பீஜாப்பூரை எடுத்துக்கொண்டார். பெராரும் கோல்கொண்டாவும் பின்தொடர்ந்தன. பீதரில் எஞ்சியது பொம்மைச் சுல்தானும், அவரை ஆட்டிவைத்த பரீத் குடும்பமும். காவானின் எட்டு மாகாணத் திட்டம் இன்னும் இருபது ஆண்டு நீடித்திருந்தால் ஐந்து தக்காணச் சுல்தானகங்கள் என்று ஒன்று இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

முகலாயர்கள் இந்தப் பாடத்தை அறிந்தே தங்கள் நிர்வாகத்தை அமைத்தார்கள். மாகாணத்துக்கு ஆளுநராகச் சுபேதார் ஒருவர். வரிக்குத் திவான் தனி, அவர் பேரரசின் திவானுக்குப் பதில் சொல்வார். சுபேதாரை அடிக்கடி மாற்றிவிடுவார்கள். நூறாண்டுக்கு மேல் இது நன்றாகவே ஓடியது. ஔரங்கசீப் 1707இல் இறந்த பிறகு தில்லியில் அரியணைச் சண்டை ஓயவில்லை. மாகாணப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது, பணம் அனுப்புபவரைக் கேள்வி கேட்க யாருக்கும் தெம்பில்லை. வங்காளத்தின் திவானாக 1700இல் வந்த முர்ஷித் குலி கான் 1717இல் சுபேதாராகவும் ஆக்கப்பட்டார். ஆண்டுதோறும் தில்லிக்குத் தவறாமல் கிஸ்தி கட்டியதுதான் அவருடைய பலம். வாளும் பணப்பெட்டியும் ஒரே கையில் சேர்ந்தன. வங்காளம் நவாபுகளின் நாடானது.

இரண்டு பதவிகளையும் ருசி பார்த்து, யோசித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்த மனிதர் மீர் கமருத்தீன் கான், அதாவது முதல் நிஜாம். ஔரங்கசீப்பின் தளபதிகள் குடும்பம்; அவருடைய தாத்தா 1687இல் கோல்கொண்டா முற்றுகையில் இறந்தவர். 1722இல் பேரரசர் முகம்மது ஷா இவரைத் தில்லிக்கு அழைத்து வசீராக்கினார். பேரரசரின் நேரடி நிலங்களைக் குத்தகைக்கு விடுவதை நிறுத்துங்கள், பதவிக்குக் காணிக்கை வாங்குவதை ஒழியுங்கள் என்று இவர் திட்டம் கொடுத்தார். தர்பாரில் இவருடைய பழங்கால நடை உடையைப் பார்த்துச் சிரித்தார்கள். 1723 முடிவில் வேட்டைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர் நேரே தக்காணத்தில் போய் நின்றார். பேரரசர், ஐதராபாத்தின் பொறுப்பில் இருந்த முபாரிஸ் கானை ரகசியமாகத் தூண்டிவிட்டார். 1724 அக்டோபரில் சகர்கேடாவில் நடந்த போரில் முபாரிஸ் கான் கொல்லப்பட்டார். கலகக்காரனை ஒழித்துவிட்டேன் என்று நிஜாம் அவருடைய தலையைப் பேரரசருக்கே அனுப்பி வைத்தார். பேரரசர் வேறு வழியின்றி 1725இல் 'ஆசஃப் ஜா' பட்டம் கொடுத்தார். நிஜாம் கடைசிவரை சுதந்திரம் அறிவிக்கவில்லை. நாணயமும் குத்பாவும் தில்லியின் பெயரில்தான். 1948 செப்டம்பரில் இந்தியப் படை உள்ளே வரும்வரை அவருடைய வம்சம் ஐதராபாத்தில் இருந்தது.

தான் ஏறிய ஏணியில் பிறரும் ஏறுவார்கள் என்பதை அவர் ஆற்காட்டில் பார்த்தார். அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட ஆற்காட்டுப் பகுதியின் நவாப் என்பவர் நிஜாமுக்குக் கீழ்ப்பட்டவர். ஆனால் சாதத்துல்லா கான் 1710 முதல் 1732 வரை ஆண்டு, பதவியைத் தன் சகோதரர் மகன் தோஸ்த் அலிக்கே விட்டுப் போனார். 1740இல் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியர் நவாப் தோஸ்த் அலியைக் கொன்றார்கள். 1742இல் அவருடைய மகன் சஃப்தர் அலியும் கொலையானார். மறு ஆண்டு நிஜாம் பெரும்படையோடு ஆற்காட்டுக்கு வந்தார். ஒவ்வொரு கோட்டைத் தலைவரும் தன்னை நவாப் என்று சொல்லிக்கொண்டு வந்து வணங்கினார்கள். ஒரே நாளில் பதினெட்டு நவாபுகளைப் பார்த்துவிட்டேன், தெற்கில் ஒருவர்தான் உண்டு என்றல்லவா நினைத்தேன் என்று கொதித்தவர், இனி யாராவது அந்தப் பட்டத்தோடு வந்தால் சவுக்கால் அடிக்கும்படி காவலர்களிடம் சொன்னாராம். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1744இல் நிஜாம் தன் ஆளான அன்வருத்தீன் கானை நவாபாக்கினார். அன்வருத்தீனின் மகன் முகம்மது அலி வாலாஜா 1765இல் பேரரசர் ஷா ஆலமிடம் ஃபர்மான் என்னும் அரச ஆணை பெற்று, நிஜாமின் பிடியிலிருந்து கர்நாடகத்தை விடுவித்துக்கொண்டார்.

அந்த ஃபர்மானுக்குப் பின்னால் ஆங்கிலேயக் கம்பெனி இருந்தது. அதே 1765 ஆகஸ்டில் கம்பெனி தனக்கென்றும் ஒன்றை வாங்கிக்கொண்டது. வங்காளம், பீகார், ஒரிசாவின் திவான் பதவி, அதாவது முர்ஷித் குலி கான் வகித்த அதே வேலை. படை ஏற்கெனவே கம்பெனியிடம் இருந்தது. வரியும் இப்போது சேர்ந்தது. வசீர் பதவியை அது கேட்கவே இல்லை. பேரரசருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டது. சில ஆண்டுகளில் அதையும் நிறுத்திவிட்டது. ஆனால் தன் ரூபாய் நாணயத்தில் ஷா ஆலமின் பெயரை மட்டும், அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகும், 1835 வரை அச்சிட்டுக்கொண்டே இருந்தது.